4294967297 பகா எண்ணா? நிரல் ‘வகுத்தி 1 மட்டும்’ என்கிறதே

பகா எண் இல்லை. 641 × 6700417 = 4294967297. தாளில் பெருக்கியே பார்த்துவிடலாம்.

உங்கள் சி நிரல் வகுத்தி 1 மட்டுமே என்று காட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணை வைத்திருக்கும் மாறியின் ‘இன்ட்’ (int) வகை. அதில் 32 பிட்டுக்குத்தான் (இரும இலக்கங்களுக்குத்தான்) இடம். இந்த எண்ணோ 2-இன் 32-ஆம் அடுக்கைவிடச் சரியாக 1 கூடுதல். மேல் பிட் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது 1. ஆக, நிரல் 1-க்குத்தான் வகுத்தி தேடியிருக்கிறது.

வகுத்தி தேடும் வளையம் (loop) தொடங்கும் முன் எண்ணை ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். 1 என்று வந்தால் சிக்கல் அதேதான். மாறியை இன்னும் பெரிய எண்களுக்கு இடமுள்ள ‘லாங் லாங்’ (long long) ஆக்குங்கள். எண்ணை வாங்கும் ஸ்கேன்எஃப் (scanf), அச்சிடும் பிரின்ட்எஃப் (printf) ஆகியவற்றில் உள்ள வகைக் குறியீடுகளையும் கூடவே மாற்ற வேண்டும். வெறும் ‘லாங்’ போதாது, விண்டோஸில் அதுவும் 32 பிட்தான்.

இந்த எண்ணில் ஏமாந்தது நீங்கள் மட்டுமில்லை. கணித மேதை ஃபெர்மாவே இதைப் பகா எண் என்று நம்பினார். 1732-இல்தான் இன்னொரு கணித மேதை ஆய்லர் 641-ஐப் பிடித்தார். அவர் வழி எனக்கு மிகவும் பிடித்தது: இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது வகுத்தலிலேயே மீதி 0!

ஒரு எச்சரிக்கை. வளைய மாறியை ‘இன்ட்’ ஆகவே விட்டாலும் இந்த எண்ணுக்குச் சரியான விடை வந்துவிடும், 641 சீக்கிரம் அகப்படுவதால். ஆனால் 4294967291 உண்மையிலேயே பகா எண். அதைக் கொடுத்து, வளையத்தை எங்கே நிறுத்துவது என்று வளைய மாறியின் வர்க்கத்தை வைத்துச் சோதித்தால், மாறி 46340-ஐத் தாண்டியதும் அதன் வர்க்கம் ‘இன்ட்’டில் அடங்காது. அதையும் ‘லாங் லாங்’ ஆக்கிவிடுங்கள்.