வெவ்வேறு பண்பாட்டுப் பெண்கள் சேர்ந்து தைப்பதால் உண்மையில் நெருக்கம் வருமா?

திருப்பூரில் வேலைக்கு வந்திருக்கும் பீகார், வங்காளப் பெண்களையும் உள்ளூர்ப் பெண்களையும் சேர்த்து ஒரு கைத்தையல் குழு தொடங்க நினைக்கிறீர்கள், அது நெருக்கம் தருமா, போட்டோவோடு முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நெருக்கம் வரும். ஆனால் எல்லோரையும் ஒரே தையலைப் போடவைத்தால் வராது என்பது என் எண்ணம். கணவரின் துறைமுக வேலைக்காகக் குஜராத்தின் காந்திதாமில் சில ஆண்டுகள் இருந்தபோது கட்ச் கிராமங்களில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

நம் ஊரில் ‘கட்ச் ஒர்க்’ என்று ஒன்றை ப்ளவுஸில் போட்டுத் தருகிறார்கள். அங்கே போனால் சமூகத்துக்கு ஒரு கைவேலை. கால்நடை மேய்க்கும் ரபாரி சமூகப் பெண்கள் சங்கிலித் தையலுக்கு நடுவே பல வடிவக் கண்ணாடிகளைப் பதிப்பார்கள். பன்னி என்ற புல்வெளிப் பகுதியின் முத்வா முஸ்லிம் பெண்கள் வைக்கும் கண்ணாடியோ பொடிப்பொடியாக இருக்கும். சோடா ராஜபுத்திரப் பெண்களின் சூஃப் வேலையில் எதையும் வரைந்துகொள்வதில்லை. துணியின் பின்பக்கமிருந்து இழைகளை எண்ணி எண்ணி முக்கோணங்களாக நிரப்புவார்கள். உடுத்தியிருக்கும் துணியை வைத்தே அவர் எந்தச் சமூகம் என்று சொல்லிவிடலாம். அதாவது, தையல் அங்கே முதலில் ‘நாங்கள் வேறு, நீங்கள் வேறு’ என்று காட்டத்தான் இருந்தது.

பிறகு எப்படிச் சேர்ந்தார்கள்? பஞ்சமும் கூலியும்தான் சேர்த்தன. 1969 வறட்சியில் நிவாரண வேலைக்காகத் தனேட்டி கிராமத்துக்கு வந்தவர் சந்தாபென் ஷ்ராஃப். சும்மா கொடுப்பதை வாங்கிக்கொள்ள அங்கிருந்த ஆகிர் சமூகப் பெண்களுக்கு மனமில்லை. அவர்கள் உடுத்தியிருந்த வேலைப்பாட்டைச் சேலைகளில் செய்துதரச் சொல்லி மும்பையில் விற்றார். ஷ்ருஜன் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. 1971 போரில் பாகிஸ்தானின் தார்பார்க்கர் பக்கமிருந்து சோடா குடும்பங்கள் கட்ச்சுக்கு வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பிழைப்புக்கு ஊசி கைகொடுத்தது. 1993-இல் சும்ராசரில் தொடங்கிய கலா ரக்‌ஷா என்ற கைவினை அமைப்பு முதலில் வேலை செய்தது இந்தச் சூஃப் கைகளோடுதான்.

ஷ்ருஜன் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு பாணியிலும் தேர்ந்த பெண்களைக் கொண்டு பெரிய துணிகளைச் செய்யவைத்து, வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பக்கத்துச் சமூகத்தின் மிகச் சிறந்த வேலையைக் கண்முன் பார்க்கிற வாய்ப்பு! இன்று புஜ் அருகே அஜ்ரக்பூரில், 2016-இல் திறந்த அவர்களுடைய அருங்காட்சியகத்தில் அந்த மாதிரி வேலைப்பாடுகளை நாமும் பார்க்கலாம்.

ஒரு கைவினைச் சந்தையில் ரபாரிப் பாட்டி ஒருவர், அடுத்த கடையிலிருந்த ஜத் சமூகப் பெண்ணின் துணியை எடுத்ததும் நேரே பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். தையல் தெரிந்தவர்கள் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். இதற்கு எத்தனை நாளாகும், என்ன தருகிறார்கள் என்று கேட்டார். அப்புறம் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பாதிதான் எனக்குப் புரிந்தது. பெரும்பாலும் நூல் விலையும் கூலியும்தான். ஒருத்தியின் உழைப்பு இன்னொருத்திக்குத் தெரிகிற அந்த இடத்திலிருந்துதான் நெருக்கம் தொடங்குகிறது என்று நம்புகிறேன்.

இன்னொன்று, ‘உங்கள் பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டாம். ரபாரிகளில் ஒரு பிரிவான தேபாரியாக்களில், சீர்த்துணி வேலை முடியாமல் பெண்கள் புகுந்த வீடு போவது பல ஆண்டுகள் தள்ளிப்போனதுண்டு. 1995-இல் சமூகப் பெரியவர்கள், சொந்த உபயோகத்துக்கு இந்த வேலையே கூடாது என்று தடை போட்டார்கள். அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. கடை ரிப்பனையும் தையல் மெஷினையும் வைத்துப் புதிதாக ஒரு அலங்காரத்தை உண்டாக்கிக்கொண்டார்கள்.

சரி, உங்கள் குழுவுக்கு வருகிறேன். முதல் நாளே எல்லோருக்கும் ஒரே டிசைனைக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் அம்மாவும் பாட்டியும் என்ன தைப்பார்கள் என்று கேளுங்கள். பீகார்ப் பெண்ணுக்குச் சுஜனி தெரிந்திருக்கலாம், வங்காளப் பெண்ணுக்குக் காந்தா. இரண்டுமே பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவதுதான் என்பதால் பேச்சு தானாகவே தொடங்கும். விற்கப்போகிறீர்கள் என்றால், கூலியை நீங்களே முடிவு செய்யாமல் எல்லோரும் உட்கார்ந்து பேசி, வேலை பிடிக்கும் நேரத்தை வைத்து நிர்ணயியுங்கள். வாரம் ஆறு நாளும் கம்பெனியில் மெஷினில் உட்காருகிற பெண்களிடம் ஞாயிற்றுக்கிழமையையும் கூலியில்லாமல் கேட்பது நியாயமில்லை.