மருந்துக்கடையில் 104 என்றால் பயமில்லையா?

மல்லாவியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "இது இரண்டாவது பிள்ளை, 26 கிழமை. முதல் பிள்ளை 4.1 கிலோ. அம்மாவுக்கு நீரிழிவு. மருந்துக்கடையில் விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 104 mg/dLதான். கர்ப்பகால நீரிழிவு இருக்கிறதா என்று பார்க்க, கிளிநொச்சிக்குப் போய் குளுக்கோஸ் குடித்து மூன்று தரம் இரத்தம் கொடுக்கத்தான் வேணுமா?"

கட்டாயம் வேணும், இந்தக் கிழமையே. நச்சுக்கொடியின் ஹோர்மோன்கள் இன்சுலினை மழுக்குவது 24–28 கிழமையளவில்தான் நன்றாகத் தெரியவரும். பெரிய பிள்ளை, நீரிழிவுள்ள தாய் என்ற இரண்டில் ஒன்றிருந்தாலே கவனம் வேணும். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. விரலில் குத்தும் மெஷின் வருத்தம் உள்ளவர் வீட்டில் பார்த்துக்கொள்ள உதவும், வருத்தத்தைக் கண்டுபிடிக்க உதவாது.

பரிசோதனைக்கு முந்திய மூன்று நாளும் வழமைபோல் சோறும் புட்டும் சாப்பிடுங்கள். குறைவாகக் காட்டவேண்டுமென்று சோற்றை நிறுத்தாதீர்கள். முதல்நாள் இரவு 10 மணிக்குப் பிறகு வெறும் தண்ணீர் மட்டும். காலையில் முதல் இரத்தம் எடுத்ததும் 75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து, 5 நிமிடத்துக்குள் குடிக்க வேணும். பிறகு 1 மணித்தியாலத்திலும் 2 மணித்தியாலத்திலும் இரத்தம் எடுப்பார்கள். அதுவரை ஓரிடத்தில் இருங்கள். வெறும் வயிற்றில் 92, 1 மணித்தியாலத்தில் 180, 2 மணித்தியாலத்தில் 153 mg/dL: மூன்றில் ஒன்று எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு. "ஒன்றுதானே கூட" என்பவரை நம்பாதீர்கள்.

குடித்தது சத்தியாக வந்தால் அன்றைய பரிசோதனை செல்லாது. மிச்சத்தைக் குடித்துச் சமாளிக்கவோ, இன்னொரு பக்கற்றைக் கரைத்துத் தரச் சொல்லவோ வேண்டாம். சத்தி எடுத்ததை மறைத்தால் எண் குறைவாக வரும், வருத்தம் தப்பிவிடும். சொல்லிவிட்டு இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் கரைத்தால் குமட்டல் குறையும்.

இதைவிடப் பெரிய பொறி, "இங்கேயே எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்புகிறோம்" என்கிற சேகரிப்பு நிலையங்கள். குழாயில் கிடக்கும் இரத்தத்தில் உள்ள கலங்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். வெறும் வயிற்றில் 95 இருந்த தாயின் இரத்தம் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் போனால் 85 அளவில் நிற்கும். அறிக்கையில் "சாதாரணம்" என்று வரும். சீனி குறையாமலிருக்க மருந்து சேர்த்த சாம்பல் நிற மூடிக் குழாயும் முதல் ஒரு மணித்தியாலத்தில் இதை முழுதாய் நிறுத்தாது. ஆய்வுகூடம் தூரத்தில் இருப்பது தாய்மாரின் குற்றமில்லை. வன்னியில் இதற்காக ஒரு கர்ப்பிணி வெறும் வயிற்றோடு விடியப்புற பஸ்ஸுக்கு நிற்கவேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. என்றாலும், இரத்தம் எடுக்கும் இடத்திலேயே பரிசோதிக்கும் வைத்தியசாலைக்கே போங்கள். குழாய்களில் இரத்தம் எடுத்த நேரத்தை எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது இரத்தம் எடுத்து முடித்த கையோடு சாப்பிடக் கட்டுச்சோறும் கொண்டுபோங்கள்.