சாந்தகுணம் என்றால் வாய்மூடி இருப்பதா?

அன்புச் சகோதரருக்கு ஸ்தோத்திரம். சபையின் கட்டட நிதிக் கணக்கைக் கேட்டபோது, மூப்பர் ஒருவர் 'சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள்' என்னும் மத்தேயு 5:5-ஐக் காட்டி, சாந்தகுணமுள்ளவன் கேள்வி கேட்கமாட்டான் என்று உங்களை அடக்கியதாக எழுதியிருந்தீர்கள், படித்து வருந்தினேன். அந்த வசனத்திலுள்ள 'ப்ராயுஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அப்படியொரு பொருள் இல்லை. பண்டைய கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் இக்குணத்தை, எதற்கெடுத்தாலும் சீறுவதற்கும், கோபப்பட வேண்டிய இடத்தில்கூடக் கோபமே வராதிருப்பதற்கும் நடுவே வைத்து, தக்க காரணத்துக்காக, தக்கவர்மேல், தக்க அளவில் கோபப்படுகிறவனைப் புகழ்கிறார். எண்ணாகமம் 12:3-இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு மோசேயையும் இதே சொல்லால் குறிக்கிறது. உடன்பிறந்தவர்களான மிரியாமும் ஆரோனும் தம்மைப் பழித்தபோது தமக்காக வாதாடாத அவர், எகிப்தின் அரசனான பார்வோனுக்கு முன்பாகவோ, ஜனங்கள் வணங்கிய பொற்கன்றுக்குட்டியைக் கண்டபோதோ மௌனமாக நின்றவரல்லர்.

உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துவது கலாத்தியர் 6:1 என்பது என் எண்ணம். குற்றத்தில் அகப்பட்டவனைச் 'சாந்தமுள்ள ஆவியோடே' சீர்பொருந்தப்பண்ணும்படி சொல்லும் பவுல், அதே குணத்தைத் திருத்துகிறவரிடமே எதிர்பார்க்கிறார். ஆகவே, யாரையும் குற்றவாளி என்று முன்கூட்டியே தீர்த்துவிடாமல், முதலில் மூப்பரிடம் தனியாகவும், பதில் வராவிட்டால் சபைக் கமிட்டியிடம் எழுத்துமூலமாகவும் கணக்கைக் கேளுங்கள்.