பள்ளிக் காரில் ஓடியது, சொந்தக் காரில் ஏன் ஆஃப் ஆகிறது?

"லைசென்ஸ் வாங்கிவிட்டேன், டிரைவிங் ஸ்கூல் காரில் நன்றாகத்தான் ஓட்டினேன், சொந்தக் காரை எடுத்தால் ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கிறது, 40 தாண்டிவிட்டதால்தானா, ஆட்டோமேட்டிக் வாங்கிவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். வயதால் இல்லை. நான் 44 வயதில் பழகினேன். உங்களுக்கு நடப்பது அப்படியே எனக்கும் நடந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

சேலத்தில் வகுப்புக்குப் போனேன். 21 நாளில் ஒரு முறைகூட வண்டி ஆஃப் ஆகவில்லை. எனக்குக் கை வந்துவிட்டது என்றே நினைத்தேன். லைசென்ஸ் வந்த இரண்டாம் வாரம், அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஏறினேன். சாயங்கால நேரம். பாதி ஏற்றத்தில் முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. நானும் நின்றேன். மறுபடி எடுக்கும்போது ஆஃப். திரும்ப எடுத்தேன், பின்னால் உருண்டது, ஆஃப். நான்கு முறை. பின்னாலிருந்த ஷேர் ஆட்டோ ஹாரனை விடவே இல்லை. யாரோ ஒருவர் பைக்கை ஓரமாகப் போட்டுவிட்டு வந்து, "இறங்குங்கம்மா, நான் எடுத்துத் தரேன்" என்றார். இறங்கிக் கொடுத்தேன். அவர் நல்ல மனதோடுதான் வந்தார். ஆனாலும் அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

சங்ககிரியில் என் பெரியப்பா மகன் பல வருடம் லாரி ஓட்டியவர். அவரிடம் சொன்னபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஸ்கூல் வண்டில மாஸ்டர் கால் எங்கம்மிணி இருந்துச்சு?" அப்போதுதான் உறைத்தது. பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. ஆபத்துக்கு உதவத்தான் அது, விதிப்படி இருக்கவும் வேண்டும். ஆனால் வண்டி திணறும் ஒவ்வொரு முறையும் அவர் மிதித்துச் சரிசெய்திருக்கிறார். நான் 21 நாளும் ஸ்டியரிங் மட்டும்தான் பழகியிருக்கிறேன்.

எல்லாப் பள்ளியும் இப்படி என்று நான் சொல்லவில்லை, நல்ல மாஸ்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், கார் பழகுபவர் வண்டி ஓட்டும் நேரம் மட்டும் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கின்றன. எனக்குக் கிடைத்தது தினமும் 15 நிமிடம். பெருக்கிப் பாருங்கள், ஐந்தேகால் மணி நேரம்.

அண்ணன் என்னை ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய், இரண்டு நாள் ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை. ஃபர்ஸ்ட் கியர், வெறும் கிளட்ச். இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் ஒரு தட்டு இருக்கிறது. கிளட்சை மிதித்தால் அது விலகும், காலை எடுக்க எடுக்க இன்ஜினோடு போய் ஒட்டும். ஒட்ட ஆரம்பிக்கிற இடத்தில் சத்தம் கொஞ்சம் இறங்கும், வண்டி லேசாக அதிரும். அங்கேயே காலை நிறுத்த வேண்டும். சடாரென்று விட்டால் ஆஃப். "காலைப் பார்க்காத, சத்தத்தக் கேளு" என்பார். செருப்பைக் கழற்றச் சொன்னார், அந்த அதிர்வு பாதத்தில் தெரிவதற்காக. (வெறுங்காலோடு ஓட்டலாமா என்று சண்டைக்கு வராதீர்கள், மைதானத்தில் மட்டும்தான்.) ஒவ்வொரு காருக்கும் அந்த இடம் கொஞ்சம் மாறும். பள்ளிக் காரில் பழகிய கால் உங்கள் காரில் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று மாதம் கழித்து ஏற்காடு போனேன். 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் மேலிருந்து பஸ் அகலமாகத் திரும்ப, ஏற்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. ஹேண்ட் பிரேக் போட்டேன். கிளட்சை மெல்ல விட்டேன், சத்தம் இறங்கியது. வலது காலால் கொஞ்சம் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. பின் சீட்டில் அம்மா ஏதோ கல்யாணக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், நடுவில் நிறுத்தவே இல்லை. அவருக்கு எதுவும் தெரியவில்லை என்பதில்தான் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆட்டோமேட்டிக் ஓட்டுபவர்களைக் குறை சொல்லவில்லை. முழங்கால் வலி இருந்தால் அதுதான் சரி. உங்கள் லைசென்ஸிலேயே அதையும் ஓட்டலாம், காருக்குக் கியர் உள்ளது, இல்லாதது என்று தனித்தனி லைசென்ஸ் நம் நாட்டில் இல்லை. ஆனால் முடியவில்லை என்பதற்காக வாங்காதீர்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கார் என் பெயரில், தவணை என் சம்பளத்தில். சர்வீஸுக்கு விட்டால் என் நம்பரை எழுதிக்கொண்டு, என் கணவருக்குத்தான் போன் செய்கிறார்கள். "சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க மேடம்" என்கிறார்கள். கிளட்ச் தேய்ந்தது அவருக்கு எப்படித் தெரியும்? ஓட்டுவது நான்.

சரி, உங்கள் விஷயம். ஞாயிறு காலை ஒரு சமமான காலி இடத்துக்குப் போங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஆக்சிலேட்டர் இல்லாமல் அரை மணி நேரம் வண்டியை நகர்த்தி நிறுத்தி, நகர்த்தி நிறுத்திப் பாருங்கள். பத்து முறை ஆஃப் ஆகட்டும், அங்கே ஹாரன் அடிக்க ஆள் இல்லை.