புதையுண்ட ஊர்களைச் செய்மதியில் தேடும் படிப்பு: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பௌதிக விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் படிக்கும் உங்கள் மகள், மண்ணுக்குள் மறைந்த பழைய குடியிருப்புகளைச் செய்மதிப் படங்களைக் கொண்டு கண்டறியும் துறைக்குச் செல்ல விரும்புவதாகவும், “படித்துவிட்டுக் கிடங்கு வெட்டவா போகிறாள்?” என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உண்மையில், எங்கே வெட்ட வேண்டும், எங்கே வெட்டவே தேவையில்லை என்பதை முன்கூட்டியே சொல்வதுதான் அவர் விரும்பும் வேலை.

புதையுண்ட சுவரின் மேல் மண்ணின் ஆழம் குறைவாதலால் அங்குள்ள பயிர் வறட்சியில் முதலில் வாடும். தூர்ந்துபோன அகழியின் மேல் ஈரம் தங்குவதால் பயிர் செழிக்கும். இவ்வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்கள் தெளிவாகக் காட்டுகின்றன. ஆனால் நீர் பாய்ச்சிய நமது வயல்களில் எங்கும் ஒரே ஈரம் என்பதால் பெரும்போகப் பச்சையில் தேடிப் பயனில்லை. சிறுபோக அறுவடைக்குப் பிந்திய வெறும் நிலத்தின் படங்களே உதவும். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர் அகலமானது. அதில் வீட்டுச் சுவர் தெரியாது, கைவிடப்பட்ட குளக்கட்டு தெரியக்கூடும். காட்டுக்குள் தேடுவதற்கு லைடார் என்னும் லேசர் அளவீடு வேண்டும். 2012 இல் கம்போடியாவில் ஹெலிகொப்டரிலிருந்து பாய்ச்சிய லேசர் துடிப்புகள் இலை இடுக்குகளூடாகத் தரையைத் தொட்டு, குலேன் மலையில் மறைந்திருந்த மகேந்திரபர்வதம் என்ற பழைய நகரின் வீதிக்கோடுகளை வெளிப்படுத்தின.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். இத்துறையின் பெயரிலேயே இலங்கையில் பதவி தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆகவே தொல்லியலை முதற் பட்டமாகக் கொள்ளாமல், சப்ரகமுவ பல்கலைக்கழகப் புவித்தகவலியல் பீடத்தில் நில அளவை விஞ்ஞானம் படித்து, பின்னர் கொழும்பிலுள்ள தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகத்துக்குச் செல்வதே என் பரிந்துரை. அதே திறமைக்கு நில அளவையிலும் நீர்ப்பாசனத்திலும் அனர்த்த முகாமைத்துவத்திலும் வேலையுண்டு. தொல்லியல் கைகொடாவிட்டாலும் பிழைப்புக் கெடாது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. கிழக்கில் தொல்லியல் என்றாலே காணிப் பிணக்கு நினைவுக்கு வரும். 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென அமைத்த ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ இடம்பெறாதது உங்களுக்குத் தெரிந்ததே. இவ்விடத்து மொழியும் நிலமும் அறிந்தவர்கள் இத்துறையில் இருப்பது அவசியம் என்பதற்கு அதையே காரணமாகக் கொள்கிறேன். படத்தில் தெரியும் கோடு பழைய கட்டா, அண்மையில் வெட்டிய வாய்க்காலா என்பதை அவ்வூர் வயற்காரரிடம் தமிழில் கேட்டறிபவரின் முடிவே நிற்கும்.

பரீட்சை முடிந்ததும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில், சிறுபோக அறுவடைக்குப் பின் எடுத்த உங்கள் ஊரின் இரு ஆண்டுப் படங்களை அவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சந்தேகமான இடத்தைக் குறித்துக்கொள்ளலாம், மண்வெட்டி மட்டும் வேண்டாம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி அகழ்வது குற்றம். அந்த வேலையில் அவருக்குச் சலிப்புத் தட்டவில்லையெனில், பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வந்தபின் விருப்ப வரிசையில் பொறியியலுக்கு அடுத்ததாக நில அளவை விஞ்ஞானத்தை எழுதச் சொல்லுங்கள்.