தென்காசிப் பக்கம் வாடகை வீடு: கேளுங்கள், சொல்கிறேன்

பத்திரம் எழுதும் அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் இருந்தவன். தெரிந்தவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும் அப்படியே பழக்கமாகிவிட்டது. தென்காசி, சுற்றுவட்டாரம் பற்றி மட்டும் கேளுங்கள்.

அண்ணாச்சி, பள்ளி ஆசிரியை நான். ஜூன் மாதம் மாறுதலாகி வருகிறேன். நானும் அம்மாவும்தான். வாடகை 6,000-க்குள் எந்தப் பக்கம் பார்க்கலாம்?

வாருங்கள் தங்கச்சி. குற்றாலம் ரோட்டை முதலில் விட்டுவிடுங்கள். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை அங்கே சீசன். நாள் வாடகைக்கு ஆள் வரும்போது மாத வாடகைக்காரரிடம் யாரும் குறைத்துப் பேச மாட்டார்கள். மேலகரமும் இலஞ்சியும் நல்ல ஊர்கள்தான். ஆனால் 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு, அலுவலர் குடும்பங்கள் அந்தப் பக்கம்தான் தேடி வருகின்றன. நீங்கள் ஆய்க்குடி, பாவூர்சத்திரம் பாருங்கள். பாவூர்சத்திரத்தில் திருநெல்வேலி–செங்கோட்டை ரயில் நிற்கும், பஸ்ஸும் உண்டு.

ஊருக்குள்ளேயே வேண்டுமென்றால் பழைய வளவு வீடுகளை, அதாவது ஒரே வளாகத்தில் பல குடித்தனம் இருக்கும் வீடுகளை விசாரியுங்கள். தார்சா (முன்கூடம்), ஒரு அறை, அடுக்களை என்று சின்னதாக இருக்கும். கழிப்பறை தனியா பொதுவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பள்ளிக்குப் போனபின் அம்மாவுக்குப் பேச்சுத் துணை இருக்கும், அதற்காகவே எனக்கு வளவு பிடிக்கும்.

டூலெட் போர்டைப் பார்த்து மட்டும் அலையாதீர்கள். மலிவான வீடு போர்டு மாட்டுவதற்கு முன்பே போய்விடும். யார் காலி செய்கிறார்கள் என்பது பால்காரருக்கும் இஸ்திரி போடுகிறவருக்கும் முதலில் தெரியும்.

வீட்டுக்குள் போனதும் மேற்குச் சுவரைத் தடவிப் பாருங்கள். மேல்காற்றோடு வரும் சாரல் அந்தச் சுவரில்தான் அடிக்கும். புதிதாக வெள்ளையடித்திருந்தால் சுவர் அலமாரிக்குள் முகர்ந்து பாருங்கள், ஓத வாடை இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

எல்லோருக்குமாக ஒன்று: ரசீது இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டு வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சட்டப்படி சரியா?

2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஆனால் வேறு தொகைக்கு நீங்களே சம்மதித்து ஒப்பந்தம் போட்டால் அந்த வரம்பு உங்களுக்கு உதவாது. பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். “பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு” என்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு என்ற கணக்கு பதிவுச் சட்டத்துக்கு உரியது. வாடகைச் சட்டத்தில் அந்த விலக்கு கிடையாது.

கரண்டுக்கு யூனிட் 10 ரூபாய் என்கிறார் வீட்டுக்காரர்.

உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்குத்தான். மூன்று குடித்தனம் ஒரே மீட்டரில் இருந்தால் அந்தச் சலுகை பங்காகிப் போவதோடு, யூனிட் கூடக் கூடக் கட்டணமும் ஏறும்.

3,000 ரூபாய்க்கு வீடு இருக்கிறதா?

இதையே நான்காவது ஆளாகக் கேட்கிறீர்கள். என் கையில் வீடு எதுவும் இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

மதுரையில்?

மதுரை எனக்குத் தெரியாது. அங்கே உள்ளவர்களைக் கேளுங்கள்.

அண்ணாச்சி, 5 லட்சம் ஒத்திக்கு ஒரு மாடி வீடு வருகிறது. மூன்று வருஷம், வாடகை கிடையாது. எடுக்கலாமா?

பணம் உங்கள் சொந்தச் சேமிப்பா, கடனா? 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் 5 லட்சத்துக்கு மாதம் 2,900 ரூபாய் சுமார் வரும். அந்த வட்டியை இழந்து, 6,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். அந்த அளவில் லாபம்தான். ஆனால் முடிவில் கொடுத்த 5 லட்சம் திரும்பி வருமா என்பதுதான் ஒத்தியில் பயம். இரண்டு வட்டிக்கு வெளியே வாங்கினால் வட்டியே மாதம் 10,000. வாடகைக்கே போய்விடலாம்.

(வேறொருவர்) நாங்கள் மூன்று ஒத்தி வீடு மாறிவிட்டோம். ஒரு பைசா போகவில்லை. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

உங்களுக்குக் கிடைத்தவர்கள் நல்லவர்கள், மகிழ்ச்சி. என் அக்காவின் ஒத்திப் பணம் திரும்பி வர நான்கு வருஷம் ஆனது. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் கொடுக்க முடியும் என்றார், வரவில்லை. வாடகை வீட்டில் மாட்டுவது அட்வான்ஸ்தான். ஒத்தியில் மாட்டுவது குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு.

(அவரே) 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கியிருந்தால் போதாதா?

போதாது. இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒத்தி என்பது சொத்தை அடமானமாக வாங்குவது. இரண்டு சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் அடமானம் என்று நிற்கும். பதிவுச் செலவு மிச்சம் என்று விட்டவர்கள்தான் பிறகு பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். அப்போது நாங்கள் செய்ய ஒன்றும் இருக்காது.

(ஒத்தி கேட்டவர்) வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். கடன் எதுவும் காட்டவில்லை. எடுக்கட்டுமா?

நல்லது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தீர்களா?

ஜெராக்ஸ்தான் காட்டினார். அசல் அண்ணன் வீட்டில் இருக்கிறதாம்.

அண்ணன் வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லுங்கள் தம்பி. அசலை எங்காவது அடகு வைத்திருந்தால் வில்லங்கத்தில் தெரியாமலும் போகலாம். அது வரும்வரை டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.