வெப்லி சர்வீஸ் மார்க் 2: விற்பதற்கு முன் தேய்க்காதீர்கள்

வணக்கம். லண்டனில் உங்கள் மாமனார் விட்டுச்சென்ற வெப்லி சர்வீஸ் மார்க் 2 ஏர் ரைபிளைத் தேய்த்து மெருகேற்றி விற்கலாமா, என்ன விலை சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து உப்புத்தாளைத் தொடாதீர்கள். 1932-இல் பர்மிங்காமில் வரத் தொடங்கிய துப்பாக்கி இது. துருப்பிடிக்காமலிருக்க எஃகின் மேல் ஏற்றிய பழைய நீலப்பூச்சுக்கும் பொறித்த எழுத்தின் கூர்மைக்கும்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுப்பார்கள். எழுத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். விளிம்பு நன்றாகத் தட்டுப்பட்டால் நல்லது. அப்புறம், பரணை இன்னொரு முறை துழாவுங்கள். இதன் குழலைக் கழற்றி மாற்றலாம்: .177, .22, .25 அங்குலம் என மூன்று துளை அளவுகள். மூன்றும் கிடைத்தால் விலையே வேறு. விற்பவர்கள் கேட்கும் தொகையை நம்பாமல், ஏலத்தில் முடிந்த தொகையைப் பார்த்து, ஏலக்காரரின் கமிஷனைக் கழித்துக்கொள்ளுங்கள். அதுவரை வாங்க வரும் எந்தக் கடைக்காரரிடமும் சரி சொல்லிவிடாதீர்கள்.